இழுத்து நிறுத்த வேண்டிய இஞ்சின்

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று மெக்கானிக் மறுபடியும் சொன்னார். பூனாவை ஒட்டிய போசரியில் அவருடைய ஷெட்டின் தகரக் கதவில் சாய்ந்து நின்று, அப்பாவின் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பெயின்ட்டை முழுக்கச் சுரண்டி எடுத்திருந்தார்கள். சாம்பல் நிறத் தகரமும், துருவும், பட்டி பூசிய இடங்களில் இளஞ்சிவப்புத் திட்டுகளுமாக, நெடுநாள் காய்ச்சலில் கிடந்து முதல் முறையாக வாசலுக்கு வந்தவரைப் போல அது நின்றது. கண்விளக்குகளைக் கழற்றிவிட்டதால் எங்கே பார்க்கிறது என்றும் தெரியவில்லை.

மெக்கானிக் மராத்திக்காரர். என்னோடு இந்தியில் பேசுவார், என்னைத் தாயி என்று கூப்பிடுவார். மராத்தியில் அது அக்கா. அவர் கேட்டது ஒரே கேள்விதான். வண்டிக்குள் இருக்கும் டீசல் இஞ்சின் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? அது இந்த வண்டியோடு பிறந்த இஞ்சின் இல்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா மாற்றிப் பொருத்தியது. இந்த வண்டியோடு பிறந்தது பெட்ரோல் இஞ்சின், அது எந்தப் பழைய இரும்புக் குவியலில் கரைந்ததோ தெரியாது. ஆனால் அதே வகை பெட்ரோல் இஞ்சின் ஒன்றை மெக்கானிக் எங்கேயோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து, மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். டீசலைத் தாங்குவதற்காக அடிச்சட்டத்தில் வெல்டிங் வைத்த தாங்கிகளை அறுத்து, பழைய இடத்தில் புதிதாக வைக்க வேண்டும். பெயின்ட் அடித்த பிறகு அதைச் செய்தால் பெயின்ட் பொசுங்கிப்போகும். அதனால்தான் இந்த அவசரம்.

எனக்கு டீசல்தான் வேண்டும். அதில் எனக்குக் குழப்பமே இருந்ததில்லை. அப்பா போய்விட்டார், அவர் குரலை யாரும் எதிலும் பதிந்து வைக்கவில்லை. அந்த இஞ்சின் மட்டும் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் அந்தக் கடகடப்பு உள்ளங்கால் வழியாக ஏறி, முழங்காலில் நின்று, பல்லில் வந்து முடியும். அது இல்லாமல் இந்தத் தகரத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. வண்டியில் அவனுக்கும் பாதி உரிமை. ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டிகளுக்குத் தனிப் பதிவு இருக்கிறது, ஆனால் வண்டி பிறந்தபோது இருந்த மாதிரியே இருக்க வேண்டும், இஞ்சினில் கை வைத்திருக்கக் கூடாது என்று அவன் போனில் பொறுமையாக விளக்கினான். டீசலோடு கொண்டுபோய் நிறுத்தினால் ஆர்டிஓவில் சிரிப்பார்கள், ஒழுங்கான பதிவு இல்லாமல் தெருவில் எடுக்க முடியாது, ஷெட்டில் வைத்து அழகு பார்க்கலாம். அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கு எரிச்சலாக இருந்ததே அதனால்தான்.

“டீசல் போட்டதே ஒரு ஒட்டுவேலை. அப்பா ஏதோ அன்னைக்கு இருந்த நெலமைக்குச் செஞ்சாரு. நீ அத சாமி மாதிரி கும்பிட்டுகினு இருக்கே” என்றான்.

அப்பாவின் அன்றைய நிலைமை அவனுக்குத் தெரியாது. அவன் அப்போது வேலூரில் தாய்மாமா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். ஊரின் பெயர் கட்கி, எங்கள் ஆட்கள் கிர்க்கி என்பார்கள். வேலைக்கு சைக்கிளில் போவார். கார் அவருடைய பைத்தியம். ஓய்வு பெற்று ஊருக்குக் கிளம்பிய ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து வாங்கியது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர், உருண்டை முகப்பு, முன்னால் ஒரே நீள இருக்கை. எங்கள் கல்லியில், அந்தச் சின்னச் சந்தில், இன்னொரு வீட்டிலும் அதே வகைக் கார் இருந்தது. எதிர் வரிசையில் கடைசி வீடு. அந்த வீட்டுக்காரரும் ஆரணிப் பக்கம்தான், எனக்கு மாமா முறை சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கம். அவர் பூனாவுக்கும் பம்பாய் தாதருக்கும் டாக்சி ஓட்டினார். பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று தன் வண்டிக்கு டீசல் இஞ்சின் வைத்திருந்தார். அந்தக் காலத்தில் டாக்சிக்காரர்கள் பலர் அப்படிச் செய்தார்கள்.

ஒரு மழைக்காலத்தில் கண்டாலா மலைப்பாதையில் பின்னால் வந்த லாரி பிரேக் பிடிக்காமல் மாமாவின் வண்டியை மலைச்சுவரோடு அழுத்தியது. சவாரி இல்லாமல் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தாராம். அதனால் செத்தது அவர் ஒருவர்தான். வண்டியின் பின்பக்கம் முழுக்க மடங்கிவிட்டது, முன்பக்கம் ஒன்றும் ஆகவில்லை. இஞ்சினில் ஒரு கீறல் இல்லை என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதை நான் கேட்டேன். ஏதோ அதுதான் செய்யக்கூடாத காரியத்தைச் செய்துவிட்டது போல அதைச் சொன்னார்கள்.

எங்கள் வண்டி அப்போது பெட்ரோல் இஞ்சின் இறுகிப்போய் மாதக்கணக்கில் வாசலில் நின்றது. போலீஸிடமிருந்து மாமாவின் வண்டி திரும்பி வந்ததும் அப்பா மாமாவின் மனைவியிடம், நான் அத்தை என்று கூப்பிடுகிறவரிடம், பேசி அந்த டீசல் இஞ்சினை வாங்கினார். விலை என்னவென்று எனக்குத் தெரியாது, அவர் பேரம் பேசியிருக்கமாட்டார். “அவன் இஞ்சின் காயலான் கடைக்குப் போவக் கூடாது” என்று மட்டும் அம்மாவிடம் சொன்னார். இஞ்சினோடு அதன் சாமான்களும் வந்தன. முக்கியமாக இரண்டு.

ஒன்று, டேஷ்போர்டில் ஒரு சின்னக் கம்பிச் சுருள். டீசல் இஞ்சினைக் கிளப்பும் முன் உள்ளே சூடேற்ற வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்தச் சுருள் மெல்லச் சிவக்கும். சிவந்ததா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. “செவந்துடுச்சிப்பா” என்று நான் சொல்லாமல் அப்பா சாவியைத் திருப்பமாட்டார். நான் இல்லாமல் அந்த வண்டி கிளம்பி நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, கறுப்பு நிறத்தில் ஒரு பிடி. டீசல் இஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாலும் அது பாட்டுக்கு ஓடும். அந்தப் பிடியை வெளியே இழுத்தால்தான் எண்ணெய் அறுந்து, இரண்டு தடவை இருமி, நிற்கும். பிடியின் ஓரம் மாமாவின் விரல்களிலேயே தேய்ந்து வழுவழுத்திருந்தது. மீதியை அப்பா தேய்த்தார்.

அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சைக்கிளை நிறுத்தி, முகம் கழுவி, வண்டியை எடுப்பார். நானும் ஏறுவேன். கிர்க்கி பஜாருக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது நேரே எங்கள் வீட்டுக்கு வராமல் கடைசி வீட்டு வாசலில் நிறுத்துவார். நிறுத்துவார் என்றால் வண்டியைத்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். மாமாவும் அப்படித்தான் செய்வார், மலை ஏறி வந்த இஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்று வாசலில் சும்மா ஓடவிட்டுப் பிறகுதான் பிடியை இழுப்பார். அப்பா மலை ஏறவில்லை, பஜாருக்குத்தான் போனார். ஆனாலும் ஓடவிட்டார். ஏன்ப்பா என்று நான் கேட்டதற்கு, “கேக்கட்டும். இந்த வூட்டுக்கு ஒரு ஆம்பள வந்துபோறான்னு நாலு பேருக்குத் தெரியணும் இல்ல” என்றார்.

அத்தை வெளியே வருவார். பையை வாங்கிக்கொள்வார். ஏதாவது வேண்டுமா என்று அப்பா கேட்பார், ஒன்றும் வேண்டாம் அண்ணா என்பார். பிறகு அப்பா பிடியை இழுப்பார். சில நாட்கள் அவர்களுடைய பையனின் ஸ்கூல் சமாசாரம் பேசுவார்கள். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்குள்ளிருந்து தோசைக்கல்லில் எண்ணெய் காயும் வாசனை வரும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் தோசை. இவங்க வீட்டில் மட்டும் எப்படி தினமும் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும். அம்மாவிடம் சொல்லி அடி வாங்கியதும் உண்டு, புருஷன் போன வீட்டைப் பார்த்து வயிறு எரியுதாடி உனக்கு என்று.

சில வருஷங்கள் இப்படிப் போயின. ஒரு நாள் அத்தை வீட்டைக் காலி செய்துகொண்டு, போசரிக்குப் பக்கத்தில் இருக்கும் நிக்டிக்குப் போய்விட்டார். பையனுக்கு போசரியில் வேலை கிடைத்திருந்தது, அதுதான் காரணம் என்றார்கள். போகிற அன்று காலையில்தான் அப்பாவுக்கே தெரியும். டெம்போவில் சாமான் ஏறிக்கொண்டிருந்தபோது அப்பா எங்கள் வாசலில் நின்று பார்த்தார், உதவிக்குப் போகவில்லை. “சொல்லாம கொள்ளாம” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தக் குடும்பத்தைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வார்கள், அவ்வளவுதான். அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அத்தை பார்க்க வந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதைப் போலக் கிடந்தார். அவர் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அத்தைக்கும் தெரிந்திருக்கும்.

இந்தக் கதையெல்லாம் கையில் இருந்ததால்தான் நான் நிக்டிக்குப் போனேன். அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த இஞ்சின் என் வீட்டுக்காரர் ஓட்டியது, அதை எடுக்காதே என்று. அண்ணன் அதற்கு மேல் பேசமாட்டான். அதாவது நான் அனுமதி கேட்கப் போகவில்லை, சாட்சி பிடிக்கப் போனேன்.

காலனியில் தரைத்தளத்து வீடு. மகன் வேலைக்குப் போயிருந்தார். அத்தை பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு தட்டைத் தள்ளினார். நானும் உரித்தேன். வண்டியைப் புதுப்பிக்கிற விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் இஞ்சினை மாற்றச் சொல்வதைச் சொன்னேன். மாமாவுடைய இஞ்சின் அத்தை, அத எப்படித் தூக்கிப் போடறது, நீங்க அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க என்றேன்.

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை.

“அது இன்னும் ஓடுதா?”

“நல்லா ஓடுது அத்தை.”

“எப்பவோ நின்னு போயிருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன்” என்றார். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று நான் தேடினேன். இல்லை.

உரித்த தோலை ஒதுக்கித் தள்ளினார். பிறகு அத்தை, யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல, சொல்லத் தொடங்கினார். மாமா தாதரிலிருந்து எந்த நேரத்துக்கு வந்தாலும் தோசைதான் கேட்பார். வழியில் எங்கேயும் சாப்பிடமாட்டார். வண்டி வாசலில் வந்து நின்று இஞ்சின் ஓடும் சத்தம் கேட்டதும் அத்தை கல்லை அடுப்பில் வைத்துவிடுவார். அவர் பிடியை இழுத்து இஞ்சினை நிறுத்தி, இறங்கி, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்கும் கல் காய்வதற்கும் சரியாக இருக்கும். ஒரு நாளும் பிசகியதில்லை.

“அவரு போன பின்னாடி, சாமான் கழுவிகினு இருப்பேன். துணி மடிச்சிகினு இருப்பேன். உங்கப்பா காடி வந்து நிக்கும். அதே சத்தம். கல்லை அடுப்புல வெச்சிட்டு, எண்ணெயத் தடவிட்டு, அப்பறந்தான் ஞாபகம் வரும்.”

தட்டில் என் கை நின்றுவிட்டது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணின் மூக்கில் ஏறிய வாசனை, இத்தனை வருஷம் கழித்து, வேறு வாசனையாக மாறிக்கொண்டிருந்தது.

“தெனமுமா அத்தை?”

“உங்கப்பா தெனமுந்தானே வந்தாரு.”

ஏன் அப்பாவிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபோதே அது மடத்தனமான கேள்வி என்று தெரிந்தது. அத்தை முதல் முறையாகச் சிரித்தார்.

“யார்கிட்ட சொல்றது? கேரட்டும் கொத்தமல்லியும் தூக்கிகினு வாசல்ல நிக்கிற மனுசன்கிட்டயா? அந்தக் கல்லியில வேற யார் வந்து எட்டிப் பாத்தாங்க? உன் காடி சத்தம் எனக்கு ஆவலன்னு சொன்னா, அப்ப நீ நடந்து வான்னுதான் அர்த்தம். நடந்து வந்தா நாலு பேரு பேசுவான். அவருக்கு அந்தச் சத்தந்தான் மரியாதி.”

நிக்டிக்கு வந்தது பையன் வேலைக்காக என்று சொன்னது பொய். கிர்க்கியிலிருந்து போசரிக்கு பஸ்ஸா இல்லை? சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து வந்தார். முன்கூட்டியே சொன்னால் அப்பா அதே வண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவார், பிறகு இங்கேயும் வருவார். “கோச்சிக்கினா வரமாட்டாருன்னு தெரியும். அதான் கோச்சிக்கட்டும்னு வுட்டுட்டேன்” என்றார். “கடைசியில பாக்க வந்தப்ப சொல்லிடலாம்னுதான் வந்தேன். அவரு கண்ணத் தொறக்கல.”

உரித்த பட்டாணியை ஒரு டப்பாவில் போட்டு எனக்கே கொடுத்தார். வாசல் வரை வந்தபோது, நான் கேட்காமலேயே சொன்னார்.

“அண்ணன்கிட்ட நான் இன்னா சொல்றது? நீங்க ரெண்டு பேரும் பாத்துக்குங்க. நல்ல இஞ்சின்டி அது, ஒடைக்காதீங்க. ஓடட்டும். எனக்குக் கேக்காத எடத்துல ஓடட்டும்.”

பஸ்ஸில் மடியில் பட்டாணி டப்பாவோடு உட்கார்ந்து, நான் முதலில் யோசித்தது என்ன தெரியுமா? நான் இருப்பது கிர்க்கியில், அத்தை இருப்பது நிக்டியில். வண்டியை நிக்டிப் பக்கமே கொண்டுபோகாவிட்டால் போயிற்று. கேட்காத இடம் என்றுதானே சொன்னார்? என் வீட்டு வாசல் அவருக்குக் கேட்காத இடம்தான். இஞ்சினை வைத்துக்கொள்ளலாம், அத்தை சொன்னபடியும் ஆயிற்று. வக்கீல் மாதிரி இப்படி வாதாடினேன், நாள் கணக்கில். சமைக்கும்போது வாதாடினேன். குளிக்கும்போது வாதாடினேன். அப்பா செய்தது தப்பில்லையே என்றும் வாதாடினேன், யாரும் தப்பு என்று சொல்லாதபோதே. அவர் அன்போடு செய்தார். ஆம். அன்போடுதான் ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு பெண்ணுக்கு அவள் புருஷனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, பிறகு அது அவனில்லை என்று இறங்கிக் காட்டினார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், சுருள் சிவந்ததைச் சொன்ன பெருமையோடு.

அதை நினைத்த பிறகும் இஞ்சின் எனக்கு வேண்டியிருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. துக்கம் ஒன்றும் நியாயம் பார்த்து நடப்பதில்லை, குறைந்தபட்சம் என்னுடையது.

மெக்கானிக் போன் செய்தார். பெயின்ட்டர் வேறு வேலை எடுத்துக்கொள்வான், இன்றைக்குச் சொல்லுங்கள் தாயி என்றார். போசரிக்குப் போனேன். பதில் சொல்லாமல், கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. வண்டிக்குக் கண்விளக்கு இல்லை, பிரேக் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, நீங்கள் வேண்டாம், நானே பின்பக்கக் கல்லியைச் சுற்றி வருகிறேன், நீங்கள் சத்தத்தைக் கேளுங்கள் என்றார். நான் ஏறவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ சுருளைச் சிவக்க வைத்தார்கள், யாரோ அதைப் பார்த்துக்கொண்டார்கள், வண்டி கிளம்பியது, நான் வெளியே இருந்தேன்.

ஷெட்டுக்குள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பட்டறையில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் சத்தம் தூரத்தில் தேய்ந்து, அறுக்கிற ஓசைக்குள் போய்விட்டது. நான் போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன், எதை என்று நினைவில்லை.

பிறகு அது வந்தது. முதலில் தரை. அப்புறம் தகரச் சுவர் மெல்ல அதிர்ந்தது. கல்லி முனையில் திரும்பும்போது கியர் இறங்கி ஒரு முனகல். எனக்கு அந்த முனகல் தெரியும், உள்ளேயிருந்து தெரியும், ஆனால் அது வருவதை நான் கேட்டதே இல்லை. வந்தது, நெருங்கியது, சுவருக்கு அந்தப் பக்கம் வாசலில் நின்றது. நின்று ஓடிக்கொண்டிருந்தது. கடகடகடவென்று, அவசரமில்லாமல், இதோ இறங்குகிறேன் என்பது போல.

நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது. புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தேன். முகத்தில் ஒரு சிரிப்பு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, கன்னம் இழுபட்டதால்தான் எனக்கே தெரிந்தது. சைக்கிள் இல்லை, பஜார் இல்லை, அவர் போனதும் இல்லை. அப்பா வந்துவிட்டார், அவ்வளவுதான். உடம்பு அதை நம்பிவிட்டது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

இஞ்சின் இரண்டு தடவை இருமி நின்றது. கதவு திறந்தது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மெக்கானிக் உள்ளே வந்தார்.

அவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போதும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த மனிதர் செய்தது ஒன்றுமில்லை. என் அப்பாவாக இல்லாமல் இருந்தார், அது மட்டும்தான். ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தேன். அத்தை தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சரிசெய்துகொண்டு, வெளியே வந்து, காய்கறிப் பையை வாங்கிக்கொண்டு, ஒன்றும் வேண்டாம் அண்ணா என்று சொன்ன சாயங்காலங்கள் எத்தனை?

“எப்படி இருக்கு தாயி சத்தம்?” என்றார் மெக்கானிக்.

“எடுத்துடுங்க” என்றேன்.

அவருக்கு ஏக சந்தோஷம். பெட்ரோல் இஞ்சினின் தார்ப்பாயை அப்போதே விலக்கினார். டீசல் இஞ்சினுக்கும் அவரிடம் ஏற்கெனவே ஆள் இருந்தது. சாக்கணுக்கு அப்பால் கரும்புத் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய சகலை, கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். நான் பதில் சொல்வதற்கு முன்பே அந்த இஞ்சின் எங்கே போக வேண்டும் என்று இவர் முடிவு செய்து வைத்திருந்தது எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் அது காயலான் கடை இல்லை. யாருக்கும் பழைய ஞாபகம் இல்லாத இடம். சரி என்றேன். சங்கிலி போட்டு அதைத் தூக்கியபோது நான் அங்கே இருக்கவில்லை.

அண்ணனிடம் போனில் சொன்னேன். “இதத்தான் நான் மொதல்லேர்ந்து சொல்றேன், இப்பவாவது புத்தி வந்துச்சே” என்றான். ஆமாம் என்றேன். அத்தையைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. அவன் சரியாகச் சொன்னவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவின் ஒவ்வொரு சாயங்காலத்தையும் எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்து, பார், இதுதான் நடந்தது என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. எழுதத்தான் முடிகிறது. அதையும் அவன் படிக்கமாட்டான், தமிழில் நீளமாக எதையும் படிக்கிற பழக்கம் அவனுக்கு விட்டுப்போய்விட்டது.

வண்டி வெளிர்ப்பச்சையில் வந்தது. அந்த ராணுவ அதிகாரி வாங்கியபோது இருந்த நிறம் என்று சுரண்டியபோது அடியில் தெரிந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அழகாக இருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாரும் நின்று படம் எடுக்கிறார்கள். டீசலின் கனம் போனதால் முகம் நிமிர்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் கிளம்புகிறது, திருப்பினால் நிற்கிறது. சுருள் இல்லை, எதையும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. என் உள்ளங்காலுக்கு ஒன்றும் வருவதில்லை. அப்பா இதில் ஏறினால் யார் வண்டி இது என்று கேட்பார் என்று தோன்றுகிறது. சில நாள் சிக்னலில் நிற்கும்போது இஞ்சின் அணைந்துவிட்டதோ என்று பயந்து, திரும்பவும் சாவியைத் திருப்பி, பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி அது கத்தி, பக்கத்து ரிக்‌ஷாக்காரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒன்றை மட்டும் கழற்றவிடவில்லை. அந்தக் கறுப்புப் பிடி டேஷ்போர்டிலேயே இருக்கிறது. பின்னால் கம்பி இல்லை, வெறும் பிடிதான். பதிவுக்கு வந்து பார்த்தவர் அதைக் கேட்கவில்லை.

பதிவெல்லாம் முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நிக்டிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினேன். சாவியைத் திருப்பினேன், நின்றது. யாரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரக்கூடாது என்பதற்காகத்தானே இத்தனையும். இறங்கிப் போய் மணி அடித்தேன்.

“எதுல வந்தே? ரிக்‌ஷாவா?” என்றார் அத்தை கதவைத் திறந்து.

கையைக் காட்டினேன். அவர் படியில் நின்று வண்டியைப் பார்த்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று. பின்பக்கத்தில் அதிக நேரம் நின்றார், டிக்கியின் மேல் கையை வைத்து.

“வந்ததே தெரியல” என்றார்.

“ஆமா அத்தை. இது பெட்ரோல்.”

முன்கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தார். நான் அந்தப் பக்கம் சுற்றிப் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன். அவர் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே வந்தார், கண் அந்தப் பிடிக்கு வந்ததும் நின்றது. ஓரம் தேய்ந்த அந்தக் கறுப்பு. கை நீட்டி, மாமா பிடித்த இடத்திலேயே இரண்டு விரலால் பிடித்து, இழுத்தார். கம்பி இல்லாததால் அது தடையே இல்லாமல் வெளியே வந்து, அவர் உள்ளங்கையில் கிடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“நின்னுச்சா?”

அந்த வேளைக்குச் சாக்கணுக்கு அப்பால் கரும்புக்குத் தண்ணீர் பாயும் நேரம். மெக்கானிக்கின் சகலை முந்தின நாள்தான் போன் செய்து, சும்மா சொல்லக்கூடாது, அந்த டீசல் இஞ்சின் ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை என்று சொல்லியிருந்தார்.

“நின்னுச்சி அத்தை” என்றேன்.